வீட்டுச் செருப்பும் சுழல்கதவும்

வணக்கம். வங்கியைப் பற்றி ஒரு ரிட்டயர்டு ஆள் பேசப்போகிறார் என்றதும் ரேடியோவை அணைத்துவிட்டுக் கடைக்குப் போகலாமா என்று தோன்றும். நியாயம்தான். ஆனாலும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அரசு வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கடலூரிலும் புதுச்சேரியிலும்தான்.

கடலூர்க் கிளையில் கடன் பிரிவில் இருந்தபோது, ஒரு கம்பெனி தன் சி.சி. லிமிட்டை, அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடனின் உச்சவரம்பை, உயர்த்தித் தரச்சொல்லி விண்ணப்பித்திருந்தது. அவர்கள் கொடுத்த கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். அவர்களுக்கு நெடுநாளாக வராமல் நிற்கும் பாக்கிகளையும் நல்ல பாக்கியோடு சேர்த்துக் காட்டியிருந்தார்கள். விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு எழுதி மேஜைமேல் வைத்திருந்தேன். அன்று கம்பெனி ஆட்களோடு ஒருவர் வந்தார். முந்தைய ஆண்டுவரை எங்கள் மேலிடத்தில் பெரிய பதவியில் இருந்தவர். எங்களில் பாதிப் பேருக்கு சி.ஆர்., அதாவது பதவி உயர்வுக்குப் பார்க்கும் ரகசிய அறிக்கை, எழுதிய கை அது. இப்போது அந்தக் கம்பெனிக்கு ஆலோசகர்.

அவர் நுழைந்ததும் கிளையே எழுந்து நின்றது. மேனேஜர் எழுந்தார், நான் எழுந்தேன், டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கூட என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டார். ‘உட்காருங்கப்பா’ என்றார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேனேஜரின் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார், காபி குடித்தார், கிளம்பினார். நான் அந்தக் குறிப்பை எடுத்து டிராயருக்குள் போட்டேன். போடு என்று யாரும் சொல்லவில்லை. லிமிட் உயர்ந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கடன் மூழ்கவில்லை. ஒழுங்காகக் கட்டினார்கள். அதனாலேயே இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

இதற்கு ஆங்கிலக்காரர்கள் வைத்த பெயர் சுழல்கதவு. பெரிய ஓட்டல்களில் இருக்குமே, அது. அதிகாரி கம்பெனிக்குப் போவார், கம்பெனி ஆள் அரசுக்கு வருவார், மறுபடியும் போவார். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்தான் எனக்குப் பிடிக்கும்: பாந்துஃப்லாஜ். எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர், எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பாந்துஃப்ல் என்றால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற செருப்பு. அரசுப் பணிக்கு ஆள் தயாரிக்கும் எக்கோல் பொலித்தெக்னிக் மாணவர்களின் பேச்சில் பிறந்த சொல் அது. பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறுகிறாராம் மனிதர்! அங்கே அரசு செலவில் படித்துவிட்டு 10 ஆண்டு அரசு வேலை பார்க்காமல் தனியாருக்குப் போனால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகைக்கும் பாந்துஃப்ல் என்றே பேர்.

புதுச்சேரிக்காரர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 அன்று விடுமுறை அனுபவிக்கிறோம். 1962-இல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவுக்கு வந்த நாள். அன்று பிரான்ஸின் பிரதமர் யார் தெரியுமா? ஜார்ஜ் பொம்பிடு. பிரெஞ்சுத் தலைவர் தெ கோலின் உதவியாளராக இருந்து, ரோத்ஷீல்டு வங்கிக்குப் போய் அதன் தலைமை நிர்வாகிகளில் ஒருவராகி, 1958-இல் ஆறேழு மாதம் தெ கோலுக்கு வேலை பார்க்க வந்து, திரும்ப வங்கிக்கே போய், 1962 ஏப்ரலில் நேராகப் பிரதமர் நாற்காலிக்கு வந்தவர். 1969-இல் அதிபரும் ஆனார். அதே ரோத்ஷீல்டு வங்கியில் 2008 முதல் 2012 வரை வேலை பார்த்தவர்தான் 2017-இல் அதிபரான மக்ரோன்.

பிரான்ஸில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அரசில் எந்த கம்பெனியின் விவகாரத்தைக் கையாண்டாரோ, அந்த கம்பெனிக்கு மூன்று ஆண்டுகள் ஓர் அதிகாரி போகக்கூடாது, போனால் குற்றம். சரி, பிடிக்க முடிகிறதா? பிரான்சுவா பெரோல் என்பவர் நிதியமைச்சகத்தில் இருந்தார், ரோத்ஷீல்டுக்குப் போனார், அதிபர் சர்க்கோசியின் மாளிகைக்கு வந்தார். அந்தக் காலத்தில் இரண்டு பெரிய வங்கிக் குழுமங்கள் இணைந்தன. 2009-இல் அப்படி உருவான வங்கிக்கே தலைவராகப் போனார். வழக்குப் போட்டார்கள். 2015-இல் விடுதலை, மேல்முறையீட்டிலும் விடுதலை. இணைப்பில் அவர் முடிவெடுத்தார் என்பதை நிரூபிக்க முடியவில்லை. நம்முடைய டிராயர் குறிப்பை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

அமெரிக்காவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்டுமேன் சாக்ஸ் வங்கியின் தலைவர்களில் ஒருவராக இருந்த ராபர்ட் ரூபின் 1995 முதல் 1999 வரை நிதியமைச்சர். வணிக வங்கியையும் பங்குச்சந்தை வங்கியையும் பிரித்து வைத்த 1933-ஆம் வருஷத்துச் சட்டத்தின் தடைகள் 1999-இல் விலக்கப்பட்டன. சிட்டிகுரூப் என்ற பெரிய வங்கிக் குழுமத்துக்கு அது மிகவும் தேவைப்பட்டது. ரூபின் அதே ஆண்டு சிட்டிகுரூப்பில் சேர்ந்து, பத்தாண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தார். 2008-இல் அந்த வங்கியைக் காப்பாற்ற அரசு 4,500 கோடி டாலர் போட்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். சொந்த வியாபாரத்தில் சம்பாதித்தார் என்ற புகாரில் 1692-இல் அவர் பதவி போயிற்று. அவரையும் மிஞ்சியவர் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். கையில் இல்லை. பென்ஃபீல்டு போன்ற கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கினார். அடமானம், சீமையின் நிலவரி. நம் தென்னார்க்காடும் அந்தச் சீமையில்தான் இருந்தது. ஆக, வெயிலில் நின்ற குடியானவனின் நெல், கம்பெனி குமாஸ்தாவின் வட்டியானது. இப்படிக் கடன் கொடுத்தவர்களின் கணக்குக்கு இடைஞ்சலாக இருந்த கவர்னர் பிகாட்டை 1776-இல் அவருடைய சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே சிறைபிடித்தார்கள். மறுவருஷம் காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்டு லண்டன் போய் 1780-இல் எம்.பி. ஆனார். இன்னும் பல எம்.பி.க்களை உருவாக்கினார் என்று எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. 1785-இல் நாடாளுமன்றத்தில் சாடினார். அதற்குள் அந்தக் கடன்களைச் சரிபார்க்காமலே நவாபின் வருவாயிலிருந்து கட்டும்படி உத்தரவாகியிருந்தது. பென்ஃபீல்டு கடைசியில் பாரிஸில் ஏழையாகச் செத்தார், அது வேறு கதை.

நம் நாட்டில் உயர் அதிகாரி ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். மறுதிசையில், 2018-இல் வெளியாட்களை இணைச் செயலாளர் மட்டத்துக்கு எடுக்கத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வந்த விளம்பரம், இடஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. வங்கி தெரியாதவர் வங்கியைக் கண்காணிக்க முடியாது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். என் கவலை அவர் திரும்பிப் போகும் நாளைப் பற்றியது. அந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு அவர் இன்று எழுதாமல் விடும் குறிப்பைப் பற்றியது. ஓராண்டுத் தடை அதை எட்டுமா? யார் யாருக்கு எந்த வேலைக்கு அனுமதி தந்தோம், ஏன் தந்தோம் என்று காரணத்தோடு ஊரறிய வெளியிட்டாலாவது கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

நான் ஓய்வுபெற்று நாலைந்து மாதத்தில் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. என்ன வேலை என்று கேட்டேன். ‘வேலைன்னு ஒண்ணும் இல்ல சார், மாசம் ரெண்டு தடவை எங்களோட பேங்க்குக்கு வந்தா போதும்’ என்றார்கள். எவ்வளவு தருவார்களாம் என்று வீட்டில் கேட்டார்கள். சொன்னேன். ‘சும்மா கூட வர்றதுக்கா?’ என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள். நான் போகவில்லை. ஆனால் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனை வைத்தேன். வணக்கம்.