தூக்கம் பாய் அறியாது

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்குக் கணக்குச் சொல்லித் தந்து, இந்த எண்பது வயதிலும் படியேறி வந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகையே, வண்டியை நிறுத்திய கையோடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டுநர்களுக்கு ஓய்வறை கேட்டுக் கூடியிருக்கும் இந்த அவையில், தூக்கத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். நம்மை விழிக்க வைக்கும் மூளைச் சுரப்புகள் ஒன்று. தேநீர் செய்யும் வேலை இரண்டு. பிள்ளைகளின் செல்பேசி வெளிச்சம் மூன்று.

'பசி ருசி அறியாது, தூக்கம் பாய் அறியாது' என்பாள் என் பாட்டி. அந்தத் தூக்கமும் விழிப்பும் மூளையில் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு நோய் காட்டித் தந்தது. முதல் உலகப் போரின்போது வியன்னாவில் ஒரு விந்தையான மூளைக்காய்ச்சல் பரவியது. சிலர் எழுப்ப எழுப்பத் தூங்கினார்கள். சிலருக்குக் கண்ணே மூடவில்லை. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த வான் எக்கனாமோ என்ற மருத்துவர், தூங்கியே கிடந்தவர்களுக்கு மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் பின்பகுதியும், தூங்காதவர்களுக்கு அதன் முன்பகுதியும் கெட்டிருந்ததைக் கண்டார். அந்தப் பின்பகுதியில்தான் நம்மை விழிக்க வைக்கும் ஹிஸ்டமின் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ஒரெக்சின் என்ற இன்னொரு விழிப்புச் சுரப்பை 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அது வற்றிப்போனவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவார். நாரட்ரினலின் என்ற சுரப்பும் உண்டு; அதை நம் மருத்துவர் விளக்குவார்.

ஹிஸ்டமின் என்றதும் என் தாய்மாமா கண்முன் நிற்கிறார். நாமக்கல்லிலிருந்து பாலக்காட்டுக்கு முட்டை லோடு ஏற்றிப்போனார். கடும் சளி. வழியில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். தூக்கம் வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. பழைய வகைச் சளி மாத்திரை மூளைக்குள்ளேயே புகுந்து ஹிஸ்டமினின் வேலையைத் தடுத்துவிடும். அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டு இடத்தில் நிறுத்தித் தேநீர் குடித்தார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். கிளீனர் பையன் தொண்டை கட்டும்வரை பாடினான். அவனும் பதினெட்டு வயதுப் பிள்ளை, கண் அயர்ந்துவிட்டான். விடிகிற நேரம் வண்டி சாலையை விட்டிறங்கி உழுத வயலில் போய் நின்றது. வயல்காரர் ஓடிவந்து பார்த்தால் வரப்பெல்லாம் மஞ்சள் கரு ஓடுகிறது. மாமா ஸ்டியரிங்கில் தலைசாய்த்து இன்னும் தூங்குகிறார்! தோளைத் தொட்டு எழுப்பியதும், "டோல்கேட் வந்துவிட்டதா?" என்று கேட்டாராம். இன்று சிரிக்கிறோம். அங்கே உழுத வயலுக்குப் பதிலாகப் புளியமரம் நின்றிருந்தால் என் அத்தையின் தாலி போயிருக்கும். பாயறியாத தூக்கம் ஸ்டியரிங்கையா அறியப்போகிறது?

சரி, மாமா குடித்த தேநீர் ஏன் காப்பாற்றவில்லை? விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற தூக்கம் வரவழைக்கும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் இருக்கையில் உட்கார்ந்தால் கண் செருகும். தேநீரில் உள்ள காஃபின் ஓடிவந்து அந்த இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் அப்படியே காத்து நிற்கிறது. காஃபின் எழுந்த நேரம் மொத்தமாக வந்து அமர்கிறது. அதைக் கரைக்கத் தூக்கம் ஒன்றுதான் வழி. தோழர்களே, ஐந்தாவது கிளாஸ் தேநீரை நம்பி மலைப்பாதையில் ஏறாதீர்கள்!

தூங்க இடம் எங்கே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கூட்டமே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் வந்தது. 2025 வரை நடப்பில் இருந்த அது, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று சொன்னது. இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றும் சொன்னது. நம் ஆட்களோ லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். தூக்கம் பாய் அறியாதுதான். அதற்காகப் பாயே கொடுக்காமல் விடலாமா? காற்றோட்டமான அறை, கொசுவலை, கழிப்பறை, சரக்குக்குக் காவல். இந்த நான்கைத்தான் கேட்கிறோம்.

தலைவர் மணியடித்துவிட்டார். செல்பேசியைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. நகர்மன்ற உறுப்பினர்கள் முதல் கையெழுத்தைப் போடட்டும். மற்றவர்கள் வரிசையில் வாருங்கள். இன்றிரவு வண்டியெடுக்க வேண்டியவர்களை முன்னே விடுங்கள்.