முதல் ரூபாய் மண்ணுக்குப் போகட்டும்

(கடலூருக்கு அருகே தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில், அதன் மைதானத்தைச் சீரமைக்க நிதி திரட்டுவதற்காக நடந்த ஊர்க்கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஊர்ப் பெரியவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களுக்கும், வேலை முடிந்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளி மைதானம் 50 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். கோ-கோ களத்துக்கு 27-க்கு 16 மீட்டர் வேண்டும். வாலிபாலுக்கு 18-க்கு 9. கபடிக்கு 13-க்கு 10. மூன்றையும் போட்ட பிறகும் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் மிஞ்சும். எத்தனையோ நகரத்துப் பள்ளிகளுக்குக் கிடைக்காத இடம் இது. ஆனால் இன்றைக்கு அதில் எதையும் ஆட முடியாது. ஐப்பசியில் நிற்கும் தண்ணீர் தை வரை வடிவதில்லை. வடிந்த பிறகு களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது. அதில் ஓடினால் கணுக்கால் பிசகுகிறது. ஆக, வருஷத்தில் பாதி நாள் குளம், மீதி நாள் வெடிப்பு.

ஏன் இப்படி ஆனது? நம் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, மைதானத்தைச் சுற்றி நின்ற மரங்களைச் சாய்த்தது. 2015 மழையை மறந்தவர்கள் இங்கே இருக்க முடியாது. 2021 நவம்பரில் ஆறு கரை மீறியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நம் வீடுகளுக்குள் வந்ததுபோல பள்ளிக்குள்ளும் வந்தது. வீட்டுச் சேற்றை நாம் அள்ளிக் கொட்டினோம். வகுப்பறைச் சேற்றையும் அள்ளினோம். மைதானத்துச் சேற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். ஆறு கொண்டுவந்த அந்த நைசான வண்டல் மேலே ஒரு மூடி போலப் படிந்திருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்க வழியில்லை. இன்னொரு பக்கம், வெளியே தார்ச்சாலையை மேலே மேலே போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. சுற்றுச்சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டைகூட இல்லை. சாலைத் தண்ணீரும் நம்மிடம்தான் வருகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மைதானம் என்றவுடன் எல்லோர் மனசிலும் வருவது ஊஞ்சல், சறுக்குமரம், வர்ணம் அடித்த கம்பி வேலி, வாசலில் பெயர்ப்பலகை. கொடுக்க முன்வரும் நல்ல மனிதர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கண்ணுக்குத் தெரிகிற பொருளாக ஒன்று சொல்லுங்கள் என்று. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் நிற்கும் தரையில் சறுக்குமரம் வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் அடிக்கால் துருப்பிடித்துவிடும். அப்புறம் அதைப் பிள்ளைகள் தொடாமல் காவல் காக்க வேண்டும். அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். முதல் ரூபாய் மண்ணுக்கும் வடிகாலுக்கும் போகட்டும். முடிந்த பிறகு அதைப் படம் எடுத்துக் காட்டக்கூட முடியாது. ஆனால் அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது.

கணக்கு சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வண்டலை வழித்து எடுத்த பிறகு தரையைச் சராசரியாக ஒரு அடி உயர்த்த வேண்டும். அதற்கு 600 கன மீட்டர் மண் வேண்டும், அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஏறக்குறைய 212 யூனிட். ரோலர் ஓட்டி இறுக்கினால் மண் அமுங்கும். அதற்குக் கால் பங்கு சேர்த்தால் 265 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 90 லோடு. அடியில் கிராவல், அதையும் ஒரே அடியாகக் கொட்டாமல் அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். மேலே மணல் கலந்த செம்மண். நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் நூறு அடிக்கு ஒரு அடி வீதம் சரிவாக. சரிவு முடியும் இடத்தில் வாய்க்கால், வாய்க்கால் முடியும் இடத்தில் சுவரைத் துளைத்து வெளியே வழி. சிமெண்ட் தளமோ பேவர் பிளாக்கோ வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். கபடியும் கோ-கோவும் மண்ணில் பிறந்த ஆட்டங்கள்.

90 லோடு என்றதும் மலைப்பாக இருக்கலாம். தெருவுக்கு இத்தனை என்று பிரித்துப் பாருங்கள். மாசி மகத்துக்கும் ஆற்றுத் திருவிழாவுக்கும் தலைக்கட்டு வரி போட்டு எவ்வளவு சுலபமாகத் தொகை சேர்க்கிறோம்! யார் கொடுத்தார், யார் பாக்கி என்று கணக்கு எழுதத் தெரிந்த ஊர் இது. அந்தப் பழக்கம்தான் நமக்குப் பலம். ஒரே ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும். இது வரி இல்லை, மனமுவந்து தருவது. கொடுக்காத வீட்டுப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. வகுப்பில் எழுப்பி, உங்க வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கும் நிலை வந்தால், அந்த மைதானம் நமக்கு வேண்டாம். படகு கரையில் கிடக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு குடும்பம் எப்படி ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். பணம் இல்லாதவர் ஒரு நாள் உழைப்பைத் தரலாம். டிப்பர் வைத்திருக்கும் தம்பிமார்கள் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம். கொத்தனார் அண்ணன் வாய்க்கால் கட்டித் தரலாம். எல்லாம் ஒரே நோட்டில் ஏறும்.

சிலர் கேட்கிறார்கள், அரசுப் பள்ளிதானே, அரசு செய்யட்டுமே என்று. நியாயமான கேள்வி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று போட்ட பட்டியலில் விளையாட்டு மைதானமும் இருக்கிறது. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. மனு கொடுப்போம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கேட்போம். ஆனால் நம் கையில் ஒரு தொகை இருந்தால் அந்த மனுவுக்கு வேறு மரியாதை. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நாம் சேர்க்கும் பணம் அரசின் கடமையைக் குறைப்பதற்காக இல்லை, அரசின் பணத்தை இங்கே இழுத்துவருவதற்காக. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகச் சிங்கப்பூரில், வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளும் அனுப்பலாம். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அவர்களிடம் வேலியும் ஊஞ்சலும் வலைக் கம்பமும் கேட்போம். அவர்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். மண் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

இது புதிய வழியும் இல்லை. காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது, 1958-இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது. ஊர் ஊராக மாநாடு கூட்டினார்கள். நிலம் கொடுத்தவர், பெஞ்சு கொடுத்தவர், கரும்பலகை கொடுத்தவர், தண்ணீர்ப் பானை கொடுத்தவர் என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இன்றைக்கு நம்மிடம் இருப்பதில் பாதிகூட இல்லாத ஜனங்கள் அவர்கள்.

இப்போது என் மனசில் நெடுநாளாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மைதானம் கெட்டுப்போனால் ஆண் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். கடற்கரை மணலில் வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்கள், ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் இடம்தான் எல்லாம். இது போனால் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. ஆறாம் வகுப்பில் கோ-கோவில் பறந்த பெண், எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்கள் செருப்புக்குக் காவல் இருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! கேட்டால், கால் வலி டீச்சர் என்பாள். கால் வலி இல்லை. சாலையில் போகிறவர்கள் பார்க்கிறார்கள், மைதானத்துக்கு அருகே கழிப்பறை இல்லை, விழுந்தால் உடையெல்லாம் சேறு. 5 வயது முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிஷமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பெண்களுக்கு வாரத்தில் 60 நிமிஷம் கிடைக்கிறதா?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகரில் வளர்ந்த பெண். மறுகுடியேற்றப் பகுதி அது, வசதி குறைந்த குடும்பங்கள் வாழும் இடம். அந்தப் பெண்ணுக்கு ஆடக் களம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. நம் எல்லாப் பெண்களும் பதக்கம் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூச்சு வாங்க ஓடி, கத்தி, ஜெயித்து, தோற்று, வியர்த்து வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். அதனால் திட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சாலைப் பக்கம் பூவரசும் புங்கனும் நெருக்கமாக நட்டு ஒரு மறைப்பு. பெண்கள் கழிப்பறையிலிருந்து மைதானத்துக்குச் சேறு படாமல் வர ஒரு பாதை. அந்தப் பாதையைப் படி இல்லாமல் சரிவாகப் போட்டால், சக்கர நாற்காலியில் வரும் நம் ஏழாம் வகுப்புப் பையனும் களத்தோரம் வரை வந்து ஸ்கோர் எழுதலாம், ஊஞ்சல் ஆடலாம். இப்போது அவன் வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டுமே பணம் சேரும். யார் கையிலும் ரொக்கம் தர வேண்டாம், என் கையில் உட்பட. வந்தது எவ்வளவு, எத்தனை லோடு இறங்கியது என்று வாரா வாரம் பள்ளி வாசல் பலகையில் எழுதப்படும். கனிமத் துறையின் நடைச்சீட்டு இல்லாத மண் வண்டி ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. திருட்டு மண்ணில் நம் பிள்ளைகள் விளையாட வேண்டாம்.

காலம் முக்கியம். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் வண்டல் எடுக்கும் வேலை தொடங்க வேண்டும். மே மாதம் முழுக்க மண்ணும் ரோலரும். கோடை மழை இரண்டு வந்து மண் இறுகினால் நல்லது. ஆடியில் மரக்கன்று. வாய்க்கால் புரட்டாசிக்குள் முடிந்தே ஆக வேண்டும், ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது. அதற்கு முன்னால் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் கல்வி அலுவலரின் அனுமதியும் வேண்டும். தீர்மானம் இன்றைக்கே எழுதித் தயாராக இருக்கிறது.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். பணமாகவோ உழைப்பாகவோ வண்டியாகவோ, முடிந்ததை எழுதுங்கள். முடியாதவர்கள் பெயரை மட்டும் எழுதினாலும் போதும், வேலை நடக்கும் நாளில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும். என் பென்ஷனிலிருந்து நான்கு லோடு எழுதியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மட்டம் பார்க்கிறோம். டியூப் மட்டம் கொத்தனார் அண்ணன் கொண்டுவருகிறார், கயிறும் முளைக்குச்சியும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துவருகிறார்கள். சாலைப் பக்கத்துச் சுவரில் எந்த இடத்தில் வழி திறப்பது என்று அன்றைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், அதனால் கீழத்தெருக்காரர்கள் கட்டாயம் வாருங்கள். உங்கள் பக்கம்தான் தண்ணீர் இறங்கும், உங்களைக் கேட்காமல் வாய்க்கால் வெட்ட மாட்டோம்.