குண்டு விழுந்தாலும் தாங்கட்டும்னு கட்டின சர்ச் | செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள

வணக்கம் மக்களே! மைக்ல காத்து சத்தம் வந்தா கோச்சுக்காதீங்க, கடல் கூப்பிடு தூரம்தான். செயின்ட் மேரிஸ் சர்ச் வாசல்ல நிக்கறேன். கோட்டைன்னாலே நமக்குத் தலைமைச் செயலகம்தான். மனு கொடுக்க வந்துட்டு, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காம போறவங்கதான் அதிகம். நானும் அப்படித்தான் பல தடவை போயிருக்கேன்.

1680 அக்டோபர் 28 பிரதிஷ்டை. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருக்கறதுலயே பழைய ஆங்கிலிகன் சர்ச், அதாவது இங்கிலாந்து திருச்சபையோட சர்ச் இதுதான், இப்போ சி.எஸ்.ஐ.ன்ற தென்னிந்தியத் திருச்சபையோடது. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் வசூலை ஆரம்பிச்சது 1678 மார்ச் 25. மரியாளுக்குத் தேவதூதன் சேதி சொன்ன திருநாள், அதான் மேரி பேரு. கிழக்கிந்தியக் கம்பெனி காசு இல்ல, கோட்டைக்குள்ள இருந்தவங்க கைக்காசு.

உள்ள வாங்க, மேல பாருங்க. உத்தரம், மரச்சட்டம் எதாவது தெரியுதா? பீப்பாயை நீளவாக்குல பொளந்து கவுத்த மாதிரி மூணு வளைவு. முழுக்க செங்கல், சுண்ணாம்பு. கூரை கனம் 2 அடி, வெளிச்சுவர் 4 அடி! கதவு, ஜன்னல் தவிர மரமே கிடையாது. மரம் இருந்தா குண்டு விழுந்ததும் பத்திக்கும். வளைவா இருந்தா அடியைச் சுவர் வாங்கிக்கும். இது கொத்தனார் மூளை இல்லங்க, பீரங்கிக்காரன் மூளை. கோட்டையோட தலைமை பீரங்கிக்காரர் எட்வர்ட் ஃபவுல்தான் வரைஞ்சு கொடுத்தார்னு சொல்றாங்க. இந்தக் கோபுரமெல்லாம் பின்னாடி, 1701-ல வந்தது.

கல்யாணக் கதையெல்லாம் சீக்கிரமா சொல்லிடறேன். முதல் கல்யாணம், பின்னாடி இங்க கவர்னர் ஆன எலிஹு யேலுக்கு, 1680 நவம்பர். ஆமா, அமெரிக்காவுல யுனிவர்சிட்டி இருக்கே, அதே யேல். 1753-ல ராபர்ட் கிளைவ்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது வெளிய இருக்கற தரைதான். கீழ பாருங்க, நான் நிக்கறது கல்லறைக் கல்லு மேல. 1652-ல செதுக்கினதுகூட இருக்கு, சர்ச்சைவிட மூத்தது! ஆனா அடியில யாரும் இல்ல. இவங்களைப் புதைச்ச இடம் கோட்டைக்கு வெளிய, பழைய லா காலேஜ் கட்டடம் இருக்கற பக்கம். 1758 கடைசியில பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகை போட்டப்போ, அவர் ஆளுங்க அந்தச் சமாதிகளுக்குப் பின்னாடி பதுங்கிக்கிட்டு சுட்டாங்க. முற்றுகை முடிஞ்சதும் இங்கிலீஷ்காரங்க சமாதிகளை இடிச்சு, கல்லை மட்டும் இங்க கொண்டாந்து பரப்பிட்டாங்க. அதோட விட்டாங்களா? ஹைதர் அலி சண்டை வந்ததும் பீரங்கிக்கு மேடை போட இதையே பேத்து எடுத்தாங்க. அப்புறம் திரும்பக் கொண்டாந்து போட்டிருக்காங்க. செத்தும் டியூட்டி பாத்திருக்காங்க, பாவம்.

அங்க இடிக்காம விட்டதுல ஒண்ணு, யேலோட குட்டிப் பையன் டேவிட் சமாதி. இப்போ அந்தப் பழைய லா காலேஜ் பக்கம்தான் நடக்கப் போறேன். வெயில்தான் மண்டையைப் பொளக்குது, ஒரு மோர் குடிச்சிட்டு வர்றேன்.