கோப்பை வந்த பிறகு

(லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில், நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவில் பேசியது. கேட்காதவர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டவர்கள் யாரும் சொல்லவில்லை.)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, ஹூஸ்டனிலிருந்து நாலரை மணி நேரம் காரோட்டி வந்து எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்த இரண்டு குறளையும் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் கவிஞர் ஐயா அவர்களே, நகர மன்றத்திலிருந்து வந்து புரியாத மொழியில் இரண்டு மணி நேரமாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, அவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தம்பியே (நீ சொல்வதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை), பொருளாளர் அக்கா அவர்களே, காலை ஐந்து மணியிலிருந்து பின்கட்டில் வெந்துகொண்டிருக்கும் சமையல் குழுவினரே, அனைவருக்கும் வணக்கம். சமையல் குழுவை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கோபத்தைச் சாம்பாரில் காட்ட வேண்டாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வெற்றிக்குப் பின்'. ஏன் கொடுத்தார்கள் என்று தெரியும். போன வருடம் நம் பிள்ளைகள் வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கி வந்தார்கள். அதோ மேஜைமேல் மாலை போட்டு வைத்திருக்கிறோமே, அந்தக் கோப்பைதான். அது வந்த மறுவாரமே ஒரு பெற்றோர் வகுப்பு வாசலில் டீச்சரை நிறுத்தி, "அடுத்த வருஷமும் நமக்குத்தானே?" என்று கேட்டார். டீச்சர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த முகத்தை இந்த ஊரில் நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், ஊதா கலர் சட்டை போட்ட ஒரு மனிதரிடம். அதனால் இன்றைக்கு எல்எஸ்யூ, அதாவது ஊதாவும் தங்கமும் அடையாளமாகக் கொண்ட நம் ஊர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின், கையால் வீசி விளையாடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மூன்று பேரைப் பற்றிச் சொல்வேன்: பயிற்சியாளர், விளையாடும் பிள்ளைகள், பார்க்கிற நாம்.

எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள், தொண்ணூறு நாளும் போனால் துடைப்பக்கட்டை. கல்யாணத்துக்குச் சொன்னது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் இருந்து பார்க்கிறேன், கல்யாணத்தைவிடக் கால்பந்துக்குத்தான் பொருந்துகிறது.

2020 ஜனவரி 13. நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். கிளெம்சனை 42-25 என்று அடித்து எல்எஸ்யூ தேசியப் பட்டம் வாங்கியது. அந்தப் பருவத்தில் பதினைந்து ஆட்டம், பதினைந்திலும் வெற்றி. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஜோ பரோ. ஒரே பருவத்தில் 60 டச்டவுன் பாஸ் வீசினார், எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சு. பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான் நம் மாநிலத்துக்காரர், லாரோஸ் ஊர்ப் பிள்ளை. தொண்டையில் கூழாங்கல் உருள்கிற மாதிரிப் பேசுவார். 'நம்ம ஆளு' என்று ஊரே கொண்டாடியது. அன்று இரவு எங்கள் தெருவில் கார் ஹாரன் நிற்கவே இல்லை. அடுத்த இரண்டு நாளில் பொங்கல். அந்த வருடம் நம் வீடுகளில் எத்தனை பெண்கள் ஊதாப் புடவைக்குத் தங்கநிற ரவிக்கை போட்டு வந்தார்கள் என்று இங்கே இருக்கிறவர்களுக்கே தெரியும்.

உடனே ஆறு வருடப் புது ஒப்பந்தம், 4 கோடியே 20 லட்சம் டாலர். இங்கேதான் கொக்கி. இடையில் அனுப்ப வேண்டுமென்றால் மீதிப் பணத்தில் பெரும்பகுதியைக் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பைஅவுட் என்கிறார்கள். சீதனத்தோடு விவாகரத்து.

அந்த அணிக்கு அடுத்த பருவம் என்ன ஆனது? அந்த அணியே இல்லை. 2020-இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கி எடுக்கும் தேர்வில் எல்எஸ்யூ பிள்ளைகள் 14 பேர் போனார்கள், முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர். பரோதான் முதல் ஆள். பாஸ் ஆட்டத்தை வடிவமைத்த ஜோ பிரேடி கரோலினா என்ற தொழில்முறை அணிக்குப் போனார். தடுப்பாட்டத்தைக் கவனித்த டேவ் அராண்டா பெய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கல்லூரி அணி என்றால் அப்படித்தான். ஜெயித்தவன் கிளம்பிவிடுவான், ஜெயித்த பெயர் மட்டும் சட்டையில் இருக்கும். புதிதாய் வந்த பதினெட்டு வயசுப் பையன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பான். செப்டம்பர் 26, புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். மிசிசிப்பி ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்திலேயே 44-34 தோல்வி. எதிரணி குவார்ட்டர்பேக் 623 கெஜம் வீசினார், எஸ்இசி என்கிற நம் தென்கிழக்குக் கல்லூரி அணிகளின் லீக்கில் அதுவரை யாரும் வீசாத அளவு. பட்டம் வாங்கிய நாளிலிருந்து 257-வது நாள். அப்பத்தா கணக்குக்கு மேலேயே கொஞ்சம் தாக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள்.

சரி, அந்த டிசம்பர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொருளாளர் அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

கோவிட் காலம். வீட்டுக்குள் யாரையும் கூப்பிட முடியாது. எதிர்வீட்டில் ஒரு பெரியவர், நாற்பது வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர், தனியாக ஆட்டம் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தார். எங்கள் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, டிவியை அங்கே கொண்டுவந்தோம். வைக்க மேஜை இல்லை. பள்ளி மூடியதால் நம் பள்ளியின் தமிழ்ப் புத்தகங்கள் நாலு அட்டைப்பெட்டியில் என் கராஜுக்கு வந்திருந்தன. இரண்டு பெட்டியை அடுக்கி, அதன் மேல் டிவி. ஆறடி தள்ளி அவருக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. என் வீட்டம்மா நடுவில் கொண்டைக்கடலைச் சுண்டலை வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டிலிருந்து கம்போ வந்தது, இந்த ஊர்க் கறிக்குழம்பு. நான் சாப்பிடவில்லை, வாசனை பிடித்தேன்.

ஃப்ளோரிடாவில் ஆட்டம். அவர்கள் ஆறாம் இடத்தில் இருக்கிற அணி, பட்டத்துக்குக் கனவு காண்கிறவர்கள். நாமோ மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. புதுப் பையன் மேக்ஸ் ஜான்சன் முதல்முறையாக குவார்ட்டர்பேக்காக இறங்குகிறான். மைதானத்தில் பனிமூட்டம், எதிர்ப்பக்கக் கம்பமே மங்கலாகத் தெரிகிறது. 34-34. இன்னும் இரண்டு நிமிடம்கூட இல்லை. நம் ஆள் ஒருவர் பந்தைப் பிடித்தார், ஆனால் தேவையான தூரம் போகவில்லை, அமுக்கிவிட்டார்கள். கதை முடிந்தது, பந்தை அவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

அப்போது, அமுக்கியதில் நம் ஆளின் ஒரு ஷூ கழன்றுவிட்டது. ஃப்ளோரிடா வீரர் எழுந்தார். சந்தோஷம் தாங்கவில்லை. கையில் இருந்த ஷூவை எடுத்து, இருபது கெஜத்துக்கு வீசினார் பாருங்கள்! பனியில் அது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. நடுவரின் மஞ்சள் துணி மட்டும் நன்றாகத் தெரிந்தது. பதினைந்து கெஜம் அபராதம். ஆட்டம் மறுபடி நம் கையில். கேட் யார்க் என்ற உதைப்பாளர், 57 கெஜத்திலிருந்து, கம்பம் தெரியாத பனிக்குள் உதைத்தார். பந்து உள்ளே போனது. 37-34. பெரியவர் எழுந்த வேகத்தில் சுண்டல் பாத்திரம் கவிழ்ந்தது. ஒரு செருப்பில் ஆட்டம் மாறிவிட்டது ஐயா! நம் ஊரில் மேடையைப் பார்த்துச் செருப்பு வீசுவார்கள், கட்சிக்குக் கூட்டம் சேரும். இங்கே வீசினால் பட்டமே போய்விடுகிறது.

கொண்டாட்டம் முடிந்து நாங்கள் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் டிவிக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டி, இதற்குள் என்ன என்று கேட்டார். "பிள்ளைகளின் புத்தகங்கள்" என்றேன். "புத்தகத்தை ஏன் கராஜில் வைத்திருக்கிறாய்?" என்றார். நான் கோவிட் மேல் பழியைப் போட்டேன். கோவிட் போய்விட்டது. பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அந்தப் பருவம் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. 2021-இல் அக்டோபர் 16, அதே ஃப்ளோரிடாவை மறுபடி ஜெயித்தார்கள். மறுநாள் அறிவிப்பு வந்தது, பருவ முடிவோடு ஓர்ஜெரான் போகிறார் என்று. ஜெயித்த மறுநாள்! பட்டம் வாங்கி இருபத்தோரு மாதம். கையில் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். அவர் பின்னால் ஒரு கூட்டத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: அவ்வளவு பணம் என்றதும், எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்தக் கதவு வழியாப் போகணும் என்றுதான் கேட்டாராம். துடைப்பக்கட்டைக்குத் தங்கப் பூண் போட்டு அனுப்பினார்கள்.

அவருக்கு முன்னால் லெஸ் மைல்ஸ். 2007-இல் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2016-இல் ஆபர்னுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் டச்டவுன். ஆனால் பந்தை எடுப்பதற்குள் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது, செல்லாது என்றார்கள். மறுநாள் வேலை போனது. அவருக்கும் முன்னால் நிக் சேபன், 2003 பட்டம். அவர் புத்திசாலி, அடுத்த வருடத்தோடு தானே கிளம்பிவிட்டார். பிறகு அலபாமாவுக்குப் போய் ஆறு பட்டம் வாங்கி நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். ஓர்ஜெரானுக்குப் பின் வந்த பிரையன் கெல்லிக்கோ பட்டமே வரவில்லை. 2025 அக்டோபரில், நாலாவது பருவத்தின் நடுவில் அனுப்பினார்கள், பைஅவுட் 5 கோடி டாலருக்கு மேல். வாங்கினாலும் விரட்டு, வாங்காவிட்டாலும் விரட்டு. பக்கத்து ஆபர்ன் மட்டும் என்ன வாழ்ந்தது? 2010-இல் தோற்காமல் பட்டம், இரண்டே வருடத்தில் மூன்று வெற்றி ஒன்பது தோல்வி, பயிற்சியாளருக்கு வழியனுப்பு. ஆசை அறுபது நாள்.

இரண்டாவதாகப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜோ பரோ 2019-இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய மேடையில், தான் வளர்ந்த ஒஹையோவின் ஏதென்ஸ் கவுண்ட்டியில் பள்ளிவிட்டு வீட்டுக்குப் பசியோடு போகிற பிள்ளைகளை நினைத்துப் பேசினார். குரல் உடைந்தது. சில நாளில் அந்த ஊர் உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. இந்த ஊரில் அவர் வீசிய அறுபது டச்டவுனில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது? எனக்கு நாலு.

அதே 2019 கோடையில்தான் எல்எஸ்யூ வீரர்களுக்கு 2 கோடியே 80 லட்சம் டாலரில் புதுப்பித்த கட்டடம் திறந்தார்கள். ஒவ்வொரு வீரரின் அலமாரியும் விரித்தால் படுக்கையாகும். அது நன்கொடைப் பணம், படிப்புக்கான பணம் இல்லை என்று விளக்கம் சொன்னார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் அதே வளாகத்தில் மிடில்டன் நூலகத்தில் மழைத் தண்ணீர் ஒழுகுகிறதே என்று பேராசிரியர்கள் கேட்டார்கள். அதைப் படித்துவிட்டு நான் பெரிய ஆள் மாதிரித் தலையை ஆட்டினேன். என் கராஜ் ஞாபகம் வரவில்லை.

இப்போது வருகிறது. போன சனிக்கிழமை அந்தப் பெட்டிகளைத் திறந்தேன். நம் ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும், ரொட்டியே இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். முதல் பெட்டியில் குழந்தைப் பாடல் புத்தகங்களின் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் யானையின் பாதி ஒரு அட்டையிலும் பாதி அடுத்ததிலும் வருகிறது. இரண்டாவதில் வெள்ளிப் பூச்சி. கீழே இருந்த பெட்டியில், டிவியைத் தாங்கியதே அதுதான், பக்கங்கள் அலை அலையாக நெளிந்து கிடக்கின்றன. நூற்றுப் பதினெட்டு புத்தகங்கள் தேறின. எண்ணிக் கட்டி வைத்திருக்கிறேன்.

நிர்வாகக் குழு இந்தக் கோப்பைக்குக் கண்ணாடி அலமாரி வாங்கத் தீர்மானம் போட்டிருக்கிறது. உள்ளே விளக்கெல்லாம் எரியுமாம். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன், தோற்றேன், பரவாயில்லை. இன்று பொதுவில் கேட்கிறேன். இந்த அரங்கத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலி அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருக்கிறது. ஏசி போகிறது, ஜன்னல் உண்டு, வாடகையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அலமாரிப் பணத்தில் அங்கே நாலு ரேக், ஒரு ஈரம் உறிஞ்சும் மிஷின், பிள்ளைகள் உட்கார ஒரு ஜமுக்காளம். கோப்பையை அந்த ரேக்கின் மேல்தட்டில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு விளக்கு நானே வாங்கித் தருகிறேன். நகர மன்றத்திலிருந்து வந்திருக்கும் ஐயா, தம்பி இதைச் சரியாக மொழிபெயர்ப்பான் என்று நம்புகிறேன், பாரிஷ் (நம் மாவட்ட) நூலகத்தில் பழைய ரேக் கழிக்கும்போது எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மூன்றாவது, பார்க்கிற நாம்... துண்டுச் சீட்டு வந்துவிட்டது. 'பொங்கல் ஆறுகிறது' என்று எழுதியிருக்கிறது. சரி. வாசலில் கிங் கேக் வைத்திருக்கும் மேஜையில் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கும். ரேக் தருகிறவர்கள், மரவேலை தெரிந்தவர்கள், சனிக்கிழமை பத்து மணிக்கு நாற்காலி தூக்க வருகிறவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன், போன வருடம் மாதிரி எடுத்துக்கொண்டு போக முடியாது. எதிர்வீட்டுப் பெரியவர் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன், ரேக் ஏற்ற அவரிடம்தான் டிரக் இருக்கிறது. வணக்கம்.