4கே டிவிக்குக் கூடக் காசு கொடுக்கலாமா?

அடுத்த கேள்வி, மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "43 இன்ச் டிவி வாங்கப்போறோம். ஃபுல் எச்டியை விட 4கே 6,000 ரூபாய் கூடச் சொல்றாங்க. சோபாவுக்கும் டிவிக்கும் 9 அடி. அத்தை கேபிள்ல சீரியல் பார்ப்பாங்க, பிள்ளைங்க யூடியூப். அந்த 6,000 தேவையா?"

உங்க வீட்டுக்குத் தேவையில்லைங்க. நீங்க 9 அடின்னு அளந்து சொன்னதாலதான் இவ்வளவு உறுதியா சொல்றேன்.

டிவி படம் எல்லாம் குட்டிக் குட்டிப் புள்ளிகளால ஆனது. ஃபுல் எச்டியை விட 4கேயில நாலு மடங்கு புள்ளி இருக்கும். 43 இன்ச் ஃபுல் எச்டியில ஒரு புள்ளி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவங்களுக்கே 9 அடியில இருந்து 0.8 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கிற புள்ளி தனியாப் பிரிஞ்சு தெரியாது. இருக்கிற புள்ளியே தெரியாதப்போ, அதை நாலாப் பிரிச்சா மட்டும் என்ன தெரியப்போகுது? வித்தியாசம் தெரியணும்னா அஞ்சரை அடிக்குள்ள உட்காரணும். அதே 55 இன்ச்னா 7 அடியிலயே தெரிய ஆரம்பிக்கும். அவ்வளவு கிட்ட உட்கார்ந்து பார்ப்பீங்கன்னா தாராளமா 4கே வாங்கலாம்.

இன்னொண்ணு, அத்தை பார்க்கிற சீரியல். சாதாரண கேபிள் பாக்ஸ்ல வர்ற எஸ்டி, அதாவது எச்டிக்குக் கீழ இருக்கிற பழைய தரப் படம், அதிகபட்சம் 720க்கு 576 புள்ளி. 4கே திரை 3840க்கு 2160. கணக்குப் போட்டுப் பாருங்க, 20 புள்ளிக்கு 1 தான் சிக்னல்ல வருது. மீதி 19ஐ டிவியே ஊகிச்சு நிரப்பணும். நியூஸ் சேனல்ல கீழ ஓடுற எழுத்தைப் பாருங்க, ஓரமெல்லாம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஊறிப்போய் இருக்கும். நிறையப் பேர் டிவி சரியில்லைன்னு நினைச்சு வருத்தப்படுறாங்க. டிவி மேல தப்பே இல்லைங்க. முதல்ல கேபிள்காரர்கிட்ட எச்டி பாக்ஸ் கேளுங்க, அத்தைக்கு அன்னிக்கே வித்தியாசம் தெரியும்.

மிச்சக் காசை வெளிச்சமும் கறுப்பும் நல்லா இருக்கிற பேனலுக்குப் போடுங்க. இருட்டுக் காட்சியில முகம் தெரியுதா, கறுப்பு சாம்பலா வெளுக்குதா, இதெல்லாம் 9 அடியிலயும் கண்ணுக்குத் தெரியும். 4கே, எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் நல்லாப் பிரிச்சுக் காட்டுற முறை)னு அட்டையில போட்டிருந்தாலும், வெளிச்சம் கம்மியான பேனல்ல அந்த எச்டிஆர் படம் மங்கலாத்தான் வரும்.

கடையில டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அது 4கேக்குன்னே எடுத்தது, நாமளும் ரெண்டடியில நின்னு பார்ப்போம். அதை நிறுத்திட்டு ஒரு சாதாரண சேனல் போடச் சொல்லுங்க. 9 அடி பின்னாடி போய் நில்லுங்க, அத்தையையும் கூட்டிட்டுப் போங்க.