ஆர்க்கிட் குடுவையில் கடற்பாசிச் சாறு

நேயர்களுக்கு வணக்கம். ஆர்க்கிட் விதை தூசு போலச் சிறியது. முளைப்பதற்குப் போதுமான சேமிப்பு உணவு அதில் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது. பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த ஊடகத்திலேயே, அதாவது குடுவையில் ஊற்றும் சத்துக் கூழிலேயே, முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் காட்டினார். அந்த ஊடகத்தில் கடற்பாசிச் சாறு சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கரையோரம் மூங்கில் மிதவைகளில் வளரும் கப்பாபைகஸ் பாசியையே எடுத்துக்கொள்வோம். ஈரப்பாசியை நல்ல தண்ணீரில் சட்டென்று அலசுங்கள். ஊறவிட்டால் சத்து கரைந்து போகும். அரைத்துப் பிழிந்தால் சாறு தனி, கேரஜீனன் என்ற கூழ்ப்பொருள் உள்ள சக்கை தனி. சாற்றில் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் துளியளவு, பொட்டாசியமோ தாராளம். உதவியும் அதுவே, உபத்திரவமும் அதுவே.

டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் புரோட்டோகார்ம்களுக்கு, அதாவது விதை முளைத்ததும் உருவாகும் சிறு உருண்டைகளுக்கு, ஒரு லிட்டர் ஊடகம் என்றால், அரை வலு எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊட்ட உப்புகள், 20 கிராம் சர்க்கரை, ஊடகத்தை உறையவைக்கும் அகார் 7 கிராம். சாறு 10, 25, 50 மில்லி என்று மூன்று அளவு, ஒப்பிட, சாறே இல்லாத ஒன்று. சேர்க்கும் சாற்றின் அளவைத் தண்ணீரில் கழித்துவிடுங்கள். சாறு ஊற்றிய பிறகுதான் பிஹெச்சை, அதாவது அமிலத்தன்மை அளவை, 5.6-க்குக் கொண்டுவர வேண்டும். 5-க்குக் கீழே இறங்கினால் அகார் சரியாக உறையாது, கூழாக நிற்கும். பிறகு 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கம். அந்தச் சூட்டில் சில ஊக்கிகள் சிதையும், உண்மைதான். அதற்காக, சூடில்லாமலே கிருமியைப் பிரிக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டிக்குப் போனால், சாற்றின் கொழகொழப்பு அதை அடைத்துவிடும். முதலில் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் சுற்றித் தெளிவை எடுக்க வேண்டும். சிறிய ஆய்வுக்கூடத்துக்கு ஆட்டோகிளேவே போதும் என்பேன்.

ஊடகம் ஊற்றிய குடுவைகளை ஐந்தாறு நாள் சும்மா வைத்துப் பார்த்துவிட்டு, பூசணமோ பாக்டீரியாவோ தலைகாட்டாதவற்றில் மட்டும் நடுங்கள்.

50 மில்லி சாறு சேர்த்த குடுவையில் மட்டும் புரோட்டோகார்ம் கறுத்து, இலை நுனி கருகினால் உப்பு மிஞ்சிவிட்டது என்று பொருள். நன்றாக வளர்ந்தாலும் உடனே சாற்றைப் புகழாதீர்கள். சாற்றுக்குப் பதில், அதே மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) வரும்வரை பொட்டாசியம் குளோரைடு சேர்த்த குடுவை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலும் அதே வளர்ச்சி என்றால், வேலை செய்தது பொட்டாசியம், ஊக்கியல்ல. இந்த ஒப்பீட்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கடையில் விற்கும் பாட்டில் சாறு வேண்டாம். வயலுக்கான அவற்றில் யூரியாவோ பதப்படுத்தும் மருந்தோ கலந்திருக்கலாம். பாசியின் தரம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே ஒரே நாளில் பிழிந்த சாற்றைச் சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்து, ஒரு சோதனை முழுவதற்கும் அதையே பயன்படுத்துங்கள். உருக்கிய குப்பியில் மீந்ததைக் கொட்டிவிடுங்கள், மறுபடி உறையவைக்க வேண்டாம். நன்றி.