வளையம் விழாத தட்டு

மாணவ நண்பர்களே, வணக்கம்.

காலையில் இன்குபேட்டரைத் திறந்து, பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் நிரப்பிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் நிமிடம் உங்களில் பலருக்குத் தெரியும். தட்டு முழுக்க பாக்டீரியா மங்கலாகப் படர்ந்திருக்கும். நீங்கள் செய்த சேர்மத்தை ஊற்றிய குழியைச் சுற்றி, பாக்டீரியா வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழுந்திருந்தால் மனசு நிறைந்துவிடும். விழாத தட்டை ஒதுக்கி வைத்துவிடுவோம். அந்தத் தட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதலில், மருந்து தோற்ற இடத்திலிருந்து புது மருந்து பிறந்த ஒரு கதை.

1957இல் ஜப்பானில் ஹமாவோ உமேசாவா குழுவினர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கனமைசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை எடுத்தார்கள். அதன் மூலக்கூறின் நடுவில் கார்பன் அணுக்களால் ஆன ஒரு வளையம், இரு பக்கமும் அமினோ (நைட்ரஜன் கொண்ட தொகுதி) சேர்ந்த சர்க்கரை. பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் உட்கார்ந்து, அது புரதம் கட்டுவதைக் குழப்பிவிடும். நல்ல மருந்து. ஆனால் சில ஆண்டுகளிலேயே அதற்கு மசியாத பாக்டீரியாக்கள் தலைகாட்டின.

ஏன் மசியவில்லை என்று உமேசாவா அந்தப் பாக்டீரியாவுக்குள்ளேயே தேடினார். அதனிடம் ஒரு நொதி இருந்தது. மருந்தில் உள்ள ஒரு சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதி) பிடித்து, அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அப்புறம் அந்த மருந்தால் ரைபோசோமில் ஒட்ட முடியாது.

சரி, பிடிக்க அந்த ஹைட்ராக்சிலே இல்லாவிட்டால்? அவருடைய உடன்பிறந்தவர் சுமியோ உமேசாவா கெய்யோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை வேதியியலாளர். கனமைசினின் உறவுச் சேர்மமான கனமைசின் பி மூலக்கூறில், அதே சர்க்கரையின் மூன்றாம், நான்காம் கார்பன்களின் ஹைட்ராக்சில்களை நீக்கி, 1971இல் டிபெகாசின் என்ற மருந்து உருவானது. மசியாதிருந்த பாக்டீரியாக்கள் அதற்கு மசிந்தன.

சொல்ல எளிது, செய்யத்தான் பாடு. கனமைசின் பி மூலக்கூறில் ஆறு ஹைட்ராக்சில், ஐந்து அமினோ. மற்ற எல்லாவற்றையும் வினைபுரியாதபடி மூடி வைத்து, வேண்டிய இரண்டை மட்டும் நீக்கி, கடைசியில் மூடியதையெல்லாம் திறக்க வேண்டும். நாம் குளுக்கோஸை அசெட்டிக் அன்ஹைட்ரைடால் மூடுவது இந்தப் பாடத்தின் முதல் படி. அதிலேயே பொறுமை போய்விடும். படிகம் வரும் என்று காத்திருந்தால் குடுவையில் பாகு நிற்கும். சர்க்கரை நிறமற்றது என்பதால் கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. (மென்படல வண்ணப்பகுப்பு) தட்டில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கந்தக அமிலம் தெளித்துச் சூடுகாட்டினால் சர்க்கரை கருகி, கரும்புள்ளிகள் மெல்ல எழும். ஒரே புள்ளி, அதாவது கலப்பில்லாத சேர்மம், எழுந்த நாளில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

பிறகு பாக்டீரியாத் தட்டில் சோதனை. சேர்மத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், வெறும் டி.எம்.எஸ்.ஓ. ஊற்றிய குழி ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் வளையம் யாருடையது என்றே சொல்ல முடியாது. 18 மி.மீ. வளையம் 12 மி.மீ. வளையத்தைவிட வீரியமானது என்றும் உடனே எழுதிவிடாதீர்கள். அகாரில் எளிதாகப் பரவும் சேர்மம் பெரிய வளையம் தரும். கொழுப்புச் சங்கிலி சேர்த்த சர்க்கரை பரவாமல் குழியருகிலேயே நின்றுவிடலாம். அதனால் திரவ ஊடகத்தில் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைப் பாருங்கள். வளையம் விழாத சேர்மத்துக்கும் இதைச் செய்யுங்கள்.

அப்படியும் வேலை செய்யவில்லையா? எந்த ஹைட்ராக்சிலை மாற்றினீர்கள், எந்தப் பாக்டீரியாவிடம் தோற்றது என்று நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த கார்பனுக்குப் போங்கள்.